வறியோர் சட்டமும் லிபரல் சீர்திருத்தங்களும்

1906 தேர்தலில் பெரும்பான்மை பெற்று, முதலில் கேம்பெல்-பானர்மன் தலைமையிலும் 1908 முதல் ஆஸ்குவித் தலைமையிலும் பிரிட்டனை ஆண்ட லிபரல் அரசு, 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தை ஒழிக்கவில்லை; அதை ஆராய்ந்த அரச ஆணையம் 1909இல் அளித்த பெரும்பான்மை, சிறுபான்மை அறிக்கைகள் இரண்டையும் ஏற்காமல், அச்சட்டத்துக்குப் பக்கத்திலேயே வேறு அமைப்புகளை எழுப்பியது.

அச்சட்டத்தின் கீழ் உதவி பெறுவது பொதுவாக வாக்குரிமையைப் பறித்தது. அதன் கடைசிப் புகலிடமான 'பணியில்லம்', உழைப்பை வாங்கிக்கொண்டு உணவும் உறையுளும் தந்த, ஏழைகள் பெரிதும் அஞ்சிய விடுதியாகும். 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டமோ, எழுபது வயதை எட்டிய, ஆண்டு வருமானம் 21 பவுண்டுக்கு மிகாத முதியோருக்கு வாரம் 5 ஷில்லிங் வழங்கியது. 1909 ஜனவரி 1 முதல் அத்தொகை அஞ்சலகத்திலேயே கிடைத்தது. கடிதம் போட வருவோர் நிற்கும் இடத்திலேயே முதியவரும் நின்று உரிமையாகப் பெற்றுச் சென்றதால், யாசகம் என்ற களங்கம் அதில் ஒட்டவில்லை. ஆயினும், அண்மையில் வறியோர் உதவி பெற்றவர்களைத் தொடக்கத்தில் இத்திட்டம் விலக்கியே வைத்தது.

இதற்கான செலவையும் கடற்படைச் செலவையும் ஈடுகட்ட நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த 1909ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் அவை நிராகரித்ததும், அதன் விளைவாக அவ்வவையின் தடை அதிகாரம் 1911இல் குறைக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை.

அதே ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வேறு வகையானது. நோய்க் காப்பீட்டுக்காக ஆண் தொழிலாளியிடம் வாரம் 4 பென்ஸ், முதலாளியிடம் 3 பென்ஸ் எனத் திரட்டி, அரசு 2 பென்ஸ் சேர்த்த இந்த ஏற்பாட்டில், செலுத்திய சந்தாவுக்குச் சான்றாக அட்டையில் வில்லை ஒட்டப்பட்டது. வீட்டுப் பணியாளர்களின் அட்டைகளுக்காக அந்த வில்லைகளை நாவால் நனைக்க வேண்டியதை இழிவாகக் கருதிய சீமாட்டிகள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது: சந்தா செலுத்தாத மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ உதவி கிடைக்கவில்லை. கூலி ஈட்டுவோனையே மையமாகக் கொண்ட அந்த அமைப்பு, விடுபட்டோரைப் பழைய வறியோர் சட்டத்திடமே விட்டுவைத்தது.

1910இல் திறக்கப்பட்ட வேலைவாய்ப்பு நிலையங்களை இளம் அதிகாரியாக உருவாக்கிய பெவரிட்ஜ், சமூகக் காப்பீடு பற்றிய தமது 1942ஆம் ஆண்டு அறிக்கையில் சந்தா முறையைக் கைவிடாமல் விரிவாக்கினார். அனைவருக்குமான மருத்துவம் 1948இல், பெரும்பாலும் வரிப்பணத்தைக் கொண்டே, லேபர் அரசால் வந்தது. வறியோர் சட்டத்தின் எச்சங்கள் நீக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான்.