தோட்டக் கோயில் குழு என்னும் கலை மன்றம்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து

மலேசியாவில் நாடகம், நடனம், இசை ஆகிய மேடைக் கலைகளுக்கான குறிப்பிடத்தக்க விருதுகளுள் ஒன்று தேயிலையின் பெயரைத் தாங்கியது. 2002இல் காக்கி செனி என்ற கலை அமைப்பு தொடங்கிய 'போ கேமரோனியன் கலை விருது', போ தேயிலை நிறுவனத்தின் பொருளுதவியில் நடந்துவந்தது. அதன் பார்வைக்கு வந்த படைப்புகள் பெரும்பாலும் கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மேடையேறியவை. அந்தத் தேயிலை விளையும் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் கலைக்குப் பணம் திரட்டியதும் கலைஞரை அழைத்ததும் வேறோர் அமைப்பு. அதுதான் தோட்டக் கோயிலின் நிர்வாகக் குழு.

நிதி திரட்டுதல், கலைஞரைத் தேர்ந்தமர்த்துதல், பொதுவெளியில் நிற்கும் படைப்பைப் பராமரித்தல், பார்வையாளரைக் கூட்டுதல் ஆகிய நான்கும் ஒரு கலை மன்றத்தின் அடிப்படைப் பணிகள். இந்த நான்கையும் தோட்டக் கோயில் குழு தலைமுறைகளாகச் செய்துவந்திருக்கிறது. அரசு அதை வழிபாட்டுக் கணக்கில் மட்டும் எழுதிவைத்ததால்தான் தோட்டக் கலைகள் கலை ஆதரவின் வட்டத்துக்குள் வராமற் போயின என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. முந்தைய ஆய்வுகள்

மலாயாத் தோட்டத் தமிழர் வாழ்வைக் களத்தில் தங்கி ஆராய்ந்த ரவீந்திர கே. ஜெயினின் நூல் 1970இல் வெளிவந்தது. எலிசபெத் புல்லர் காலின்ஸ் 1997இல் மலேசியத் தைப்பூசத்தைச் சடங்கு, அதிகாரம் ஆகியவற்றின் வழியே விளக்கினார். ஆண்ட்ரூ வில்போர்டு 2014இல் தோட்ட நிலம் கைமாறும்போது இடிபடும் கோயில்களை நீதி பற்றிய கேள்வியாக எழுப்பினார். மூவரும் கோயிலைச் சமூக ஒழுங்கின் மையமாகவே கண்டார்கள். கலைகளைப் புரக்கும் நிறுவனமாக அதை அணுகும் பார்வைக்கு இன்னும் இடமிருக்கிறது.

2. குழு இயங்கிய விதம்

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் கண்டறிந்த இந்த மேட்டுநிலத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தை நிறுவினார். காடு வெட்டவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களின் புலப்பெயர்வுக்குத் தடை விதித்தபின் புதியவர் வரவு நின்றது. வந்திருந்தவர்கள் குடும்பங்களாக ஊன்றினார்கள். அந்த நிலைபேறுதான் திருவிழாவை ஆண்டுதோறும் நடத்தும் நிரந்தர அமைப்பு ஒன்றுக்கு வழிவகுத்தது.

மலாயாத் தோட்டங்களில் பரவலாக இருந்த ஏற்பாடு இது: கோயில் சந்தா தோட்ட அலுவலகத்தில் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும், நிலமும் மரமும் விடுமுறையும் நிர்வாகம் தரும், திருவிழா நாட்கள் ஒவ்வொன்றையும் ஒரு தரப்பார் உபயமாக ஏற்பார்கள். தோட்டக் களத் தொழிலாளர்கள், தொழிற்சாலை ஆட்கள், லாரி ஓட்டுநர்கள், கடைக்காரர்கள் என உபயம் பிரியும்போது செலவும் பெருமையும் பகிர்ந்துகொள்ளப்பட்டன. தனியொரு புரவலரின் விருப்பத்தைச் சாராமல் நிகழ்ச்சிகள் தொடர்ந்ததற்கு இந்தச் சுழற்சியே காரணம். கரகம், காவடி, தீமிதி, உறுமி மேளம், நாதஸ்வரம், கூத்து, பின்னாளில் சமூக நாடகமும் மெல்லிசைக் குழுவும் இந்தப் பணத்தில்தான் அரங்கேறின. இன்று மலேசிய நகரங்களில் இளைஞர்கள் பெருமையோடு வாசிக்கும் உறுமி மேளத்துக்குத் தோட்டத் திருவிழாக்களே பயிற்சிக்களமாக இருந்தன.

பொதுவெளிக் கலையைப் பொறுத்தவரை குழுவின் பங்கு இன்னும் தெளிவானது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஸ்தபதிகள் வரவழைக்கப்படுகிறார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்வது மரபு என்பதால், உதிர்ந்த சுதையும் வெளிறிய வண்ணமும் அக்காலத்துக்குள் புதுப்பிக்கப்படுகின்றன. நகரங்களில் அரசு நிதியில் எழும் சிலைகளுக்கும் சுவரோவியங்களுக்கும் திறப்பு விழாவோடு பணம் தீர்ந்துவிடுவதே வழக்கமான நோய். 2012இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் சகாரேவிச் தீட்டிய பினாங்குச் சுவரோவியங்கள் உலகப் புகழ் பெற்றும் வெயிலிலும் மழையிலும் மங்கின. பராமரிப்பைப் படைப்பின் பகுதியாகவே வைத்திருந்த தோட்டக் குழுவிடம் நகரக் கலை அமைப்புகள் கற்க வேண்டியது இங்கே இருக்கிறது.

இந்த அமைப்பைக் குறையற்றதாகக் காட்டுவது ஆய்வாகாது. குழுவின் தலைமை நெடுங்காலம் கங்காணிகளிடமும் கிராணிகளிடமும் இருந்தது. யார் தேர் இழுப்பது, யார் பறையடிப்பது என்பதில் சாதி ஒழுங்கு வேலை செய்தது. பெண்கள் கொழுந்து பறித்துச் சந்தா கட்டினார்கள். முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் அரிதாகவே இருந்தார்கள். வெளி ஆதரவு எதுவாயினும் இவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

3. இரண்டு கணக்கேடுகள்

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு மூன்று கொள்கைகளை வகுத்தது: தேசியப் பண்பாடு இவ்வட்டாரத்தின் பூர்வீகப் பண்பாட்டை அடித்தளமாகக் கொள்ளும், பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கும், இஸ்லாம் அதில் முக்கியக் கூறாக இருக்கும். எது பொருத்தம், அதை யார் முடிவுசெய்வது என்ற கேள்வியைச் சீன அமைப்புகள் 1983இலும் இந்திய அமைப்புகள் 1984இலும் அரசுக்கு அளித்த மனுக்களில் எழுப்பின. 2021இல் புதிய தேசியப் பண்பாட்டுக் கொள்கை வந்தது. கலைக்கு நிதி வழங்கப் பண்பாடு, கலைத் துறையோடு 2017இல் தொடங்கிய செண்டானா அமைப்பும் இருக்கிறது.

ஆனால் தோட்டத் திருவிழா இந்தக் கலைக் கணக்கேட்டில் வருவதில்லை. கோயில் குழுவுக்கு உதவி கிடைத்தால் அது வழிபாட்டிடங்களுக்கான ஒதுக்கீட்டிலிருந்தோ இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா போன்ற அமைப்பிடமிருந்தோ வரும். கூரைக்கும் வேலிக்கும் கழிப்பறைக்கும் செலவாகும். கலை ஏட்டில் நகர மேடை, வழிபாட்டு ஏட்டில் தோட்டக் கோயில் என்ற இந்தப் பிரிவில் நாதஸ்வரக்காரரும் ஸ்தபதியும் உறுமிக் குழுவும் எந்த ஏட்டிலும் கலைஞராகப் பதிவாவதில்லை. வெளிநாட்டுச் சிற்பிக்கும் இசைக்கலைஞருக்கும் வேலை அனுமதி பற்றிய விவாதம் அடிக்கடி எழுகிறது. உள்ளூரில் அவர்களை உருவாக்கும் பயிற்சி எந்தத் துறையின் பொறுப்பு என்பதற்கு விடை இல்லாததும் இதனால்தான்.

4. மறுப்புகளும் விடைகளும்

மதச் சடங்குக்கு அரசின் கலைநிதி எப்படிப் போகலாம் என்பது முதல் மறுப்பு. மலேசிய அரசே இதற்கு விடை வைத்திருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அறிவித்த மாக் யோங் நாடகம் நோய் தீர்க்கும் சடங்கோடு பின்னிப் பிணைந்தது. கிளந்தான் மாநிலத்தில் அதன்மீது 1990களில் தடை விழுந்தபோதும் தேசிய அளவில் அது மரபுக்கலையாகவே போற்றப்பட்டது. சடங்குக்குள் கலையைக் காணும் கண் அரசுக்கு உண்டு. அந்தக் கண் தோட்டத்துப் பக்கமும் திரும்ப வேண்டும் என்பதே கோரிக்கை.

வெளிப்பணம் வந்தால் உள்ளூர்ச் சந்தா வற்றிவிடும் என்பது இரண்டாம் மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று. கலை அமைப்பு திரட்டும் நன்கொடைக்கு இணையாக அரசு பணம் சேர்க்கும் நிதியைச் சிங்கப்பூர் 2013இல் அமைத்தது. தோட்டக் குழுவின் உபயத் தொகைக்கு இணைத்தொகை என்ற அதே முறை, திரட்டும் பழக்கத்தை அழிக்காமல் வலுப்படுத்தும். அத்தொகையைக் கலைஞர் ஊதியம், பயிற்சி, ஆவணப்பதிவு ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கி, குழுவில் பெண்களுக்கும் மேளக்காரர்களுக்கும் இடமளிப்பதை நிபந்தனையாக்கலாம்.

கலைஞரை நாடிச் செல்லும் மன்றம் எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கையில் முன்னுதாரணம் உண்டு. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவை வழிநடத்திய பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960களில் கூத்துப் பயிற்றும் அண்ணாவிமாரைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றார். கூத்துப் போட்டிகள் நடத்தினார். ஏட்டில் கிடந்த கூத்துகளை அச்சேற்றினார். விண்ணப்பத்துக்காக அவர் காத்திருக்கவில்லை என்பதே அம்முயற்சியின் வெற்றிக்குக் காரணம். அதன் மையம் மட்டக்களப்பும் மன்னாரும் யாழ்ப்பாணமும்தான். காமன் கூத்து ஆடப்பட்ட மலையகத் தேயிலைத் தோட்டங்கள் அதன் ஓரத்திலேயே நின்றன. கிராமத்தை நோக்கி நடந்த மன்றம்கூடத் தோட்டத்துக்கு வந்துசேரத் தாமதித்தது என்பதும் பாடமே.

5. முடிவுரை

கேமரன் மலையில் இன்று கொழுந்து வெட்டுபவர்களில் வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். பறிப்பில் இயந்திரமும் புகுந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவருகின்றன. சம்பளத்தில் சந்தா பிடித்து இயங்கிய அமைப்பின் அடித்தளம் இதனால் சுருங்குகிறது. எனவே குழுவை அப்படியே காப்பது தீர்வாகாது. கேமரன் மலை மாவட்ட மன்ற அளவில் ஒரு கலைக்குழு அமைந்து, தோட்டக் கோயில் குழுக்களை உறுப்பு அமைப்புகளாக ஏற்று, புதிய தொழிலாளர்களின் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அதே வாசலைத் திறக்க வேண்டும். உபயச் சுழற்சி, 12 ஆண்டுப் புதுப்பிப்பு, எல்லாரும் கொடுத்து எல்லாரும் பார்க்கும் முறை ஆகிய மூன்றும் அக்குழுவுக்குத் தோட்டம் தரக்கூடிய விதிகள். அவற்றைக் கலை நிர்வாக அறிவாக அரசு ஏற்பதிலிருந்துதான் ஆதரவு தொடங்க வேண்டும்; பணத்தின் அளவு அதற்குப் பிறகு பேசவேண்டியது.