பரிசுச் சீட்டில் பிறந்த வீதிகள்

கல்கத்தாவின் காலேஜ் தெருவில் நூல் தேடிச் செல்லும் நம்மில் பலர், அவ்வீதி பரிசுச் சீட்டுப் பணத்தால் அமைந்தது என்பதை அறியோம்.

1803ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, நகரின் சாக்கடைகளும் சாலைகளும் சீர்கெட்டிருத்தலைச் சுட்டி ஒரு குறிப்பு வரைந்தார். சீரமைப்புக் குழுவும் ஏற்பட்டது. திட்டம் இருந்தது, பொருள்தான் இல்லை. வரி விதிப்பதினும் பரிசுச் சீட்டு விற்பது எளிதாகத் தோன்றிற்று. 1813இல் முடிவுற்ற நகர மண்டபம் அவ்வாறே எழுந்தது. 1817இல் லாட்டரிக் கமிட்டி நிறுவப்பெற்றது. வடக்குத் தெற்காக நீண்ட பெருவீதிகளும், ஆற்றங்கரையில் ஸ்டிராண்டு சாலையும், குளங்களும் உருவாயின.

ஆயினும், சூதாட்டப் பணத்தால் நகர் அமைப்பதை இங்கிலாந்தில் பலர் கண்டித்தனர். 1836இல் சீட்டு நின்றது. அதனை நம்பிய பணியும் நின்றது. நகருக்கென விரிவான நிலத்தடிச் சாக்கடை வேலை 1859இல்தான் தொடங்கிற்று. வீதியின் அழகு கண்ணுக்குத் தெரியும். சாக்கடையின் அருமை காலரா வந்தபின்னரே தெரியும் அன்றோ?

1911ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி கண்டது. சணல் ஏற்றுமதி, சொத்து மாற்றம், ரயில் பிரயாணம் ஆகியவற்றின் மீது விதித்த வரிகள், 1912இல் தோன்றிய நகர அபிவிருத்தி டிரஸ்டுக்கு ஆண்டுதோறும் வருவாய் தந்தன.

சீட்டு வாங்குபவர் தமக்காக வாங்குகிறார். வரி செலுத்துபவர் தம் பேரப்பிள்ளைகளுக்காகவும் செலுத்துகிறார். நெடுங்காலம் நிற்க வேண்டியவற்றை எந்தப் பணத்தால் எழுப்புவது என்பதை நாம் இவ்வரலாற்றினின்றும் தெளியலாம்.