மணலில் தொடங்கிய டியூஷன்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்கு லோடு ஏற்றி முடியும்வரை ஒரு மண்டிக்காரரின் போன் ஓயாது. அது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பத்தாம் வகுப்பு மகளின் முறை. இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவள் கணக்கு நோட்டைப் படம் பிடித்து ஏஐயிடம் நீட்டுகிறாள். பத்தையும் நாலையும் கூட்டி வர்க்கம் எடுக்க வேண்டிய இடத்தில், தனித்தனியே வர்க்கம் எடுத்து 100 + 16 = 116 என்று முடித்திருக்கிறாள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் செய்துவரும் தப்பு அது.

ஏஐ விடையைச் சொல்லவில்லை. "ஒரு பெட்டியில் 14 கிலோ தக்காளி, கிலோ 14 ரூபாய். பெட்டி என்ன விலை?" என்று கேட்கிறது. மண்டிக்காரர் மகளுக்கு அது வாயிலேயே வரும்: 196. அப்படியானால் மிச்சம் 80 எங்கே போனது? நாற்பதும் நாற்பதுமாக விட்டுப்போனதை அவளே தேடி எடுக்கிறாள்.

நேற்று முளைத்த கலிபோர்னியா சரக்கு என்றுதான் இதை நினைப்போம். ஆனால் இதன் முன்னோரில் ஒருவர் நம்மூர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரான அண்ணாவி ஒருவர், பிள்ளைகள் பலர். அவர்கள் விரலால் மணலில் எழுதினார்கள், எண்சுவடியை வாய்விட்டு ஒப்பித்தார்கள். முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி, எண்பதில் ஒரு பங்கு காணி, இருபதில் ஒரு பங்கு மா என்று பின்னம் முழுக்க நாக்கில் இருக்க வேண்டும். அத்தனை பேரையும் ஒருவரே கேட்டுத் திருத்த முடியுமா? அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. முன்னே படித்த மாணவன் பின்னே வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவன் பிரம்பும் எடுப்பான் என்பது தனிக் கதை.

1787இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் சென்னையில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஒருநாள் வழியில், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். காகிதச் செலவு இல்லை, மைச் செலவு இல்லை. தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் மசியவில்லை. பெல் எட்டு வயதுச் சிப்பாய் மகன் ஜான் ஃப்ரிஸ்கனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்பை அவனிடமே விட்டுவிட்டார். பெரியவர் முடியாது என்றதைப் பொடியன் செய்து காட்டினான்.

ஊர் திரும்பிய பெல், 1797இல் இந்தச் சோதனையைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் நிலைத்தது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த 'மதராஸ் கல்லூரி' என்ற உயர்நிலைப் பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் நடக்கிறது. சென்னையே தன் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. அந்தப் பள்ளி மாற்றிக்கொள்ளவில்லை.

நல்ல சரக்குக்குப் போட்டிக்கடை வராமல் இருக்குமா? லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் 1798இல் தொடங்கிய பள்ளியில் ஏறத்தாழ இதே முறையை நடத்தினார். ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்றார். யார் முதல் என்ற சண்டையில் இங்கிலாந்தின் சபைகளே இரண்டு கட்சியாயின. பெல் பக்கம் ஆங்கிலிக்கன் சபை. லங்காஸ்டர் பக்கம் மற்ற கிறிஸ்தவப் பிரிவினர். திண்ணை அண்ணாவிக்கு இதில் பங்கு கேட்க ஆள் இல்லை. லங்காஸ்டரின் சரக்கு நியூயார்க் போனது. சிமோன் பொலிவாரின் அழைப்பில் அவரே வெனிசுவேலாவின் காரகாஸ் வரை போனார். 1838இல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்தார்.

சொல்லிக்கொடுக்கும் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் 'மானிட்டர்' என்று பெயர். நம் பள்ளிகளில் கரும்பலகையில் பேசுகிறவர் பெயரை எழுதிவைப்பவரும் மானிட்டர்தான், கம்ப்யூட்டர் திரையும் மானிட்டர்தான். பெயர்ப்பொருத்தம் தற்செயல். ஆனாலும் பின்னால் நடந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். மானிட்டர் பிள்ளைக்குத் தன் பாடம் மட்டும்தான் தெரியும், 'ஏன்?' என்று கேட்டால் கையை விரித்துவிடுவான். இங்கிலாந்து மெல்ல மெல்ல அவனைக் கைவிட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தேடியது.

வசதி உள்ளவர்களுக்கு எப்போதும் தனி ஆசிரியர் இருந்தார். லண்டனில் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்கு டியூஷன் எடுத்த ஜி. எஸ். கார், தம் பாடக்குறிப்புகளைத் திரட்டிப் புத்தகமாக்கினார். ஏறத்தாழ 5,000 முடிவுகள், பலவற்றுக்கு நிரூபணம் இல்லை அல்லது ஒற்றை வரிக் குறிப்பு மட்டும். அதன் ஒரு பிரதி 1903இல் கும்பகோணத்தில் பதினைந்து வயது ராமானுஜன் கையில் கிடைத்தது. விடை மட்டும் இருந்த புத்தகத்துக்கு அவர் சிலேட்டில் வழியைக் கண்டுபிடித்தார். பரீட்சைக்காகப் போட்ட நோட்ஸ் ஒரு மேதைக்கு ஆசிரியரானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி நடக்காது.

1953இல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், அமெரிக்காவில் தம் மகளின் நாலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனார். முடித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், முடியாதவர்கள் திணறினார்கள். போட்டது சரியா தப்பா என்பது நோட்டு திருத்தி வந்தால்தான் தெரியும். சில நாளிலேயே ஒரு பெட்டி செய்தார்: கேள்வி வரும், விடை போட வேண்டும், சரியா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். 1920-களிலேயே சிட்னி பிரஸ்ஸி இதுபோல் ஒன்று செய்து விலைபோகாமல் விட்டிருந்தார். 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகம் 'பிளேட்டோ' என்ற பெயரில் அதே வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது.

1984இல் பெஞ்சமின் ப்ளூம் ஒரு கணக்குச் சொன்னார். தனி ஆசிரியர் வைத்துப் படித்த சராசரி மாணவன், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்துகிறான் என்றார். அவ்வளவு பெரிய பலன் பிறகு வந்த ஆய்வுகளில் எளிதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்த 98 கல்வித் தொழில்நுட்பக்காரர்களின் கனவில் அச்சாகிவிட்டது. 2004இல் சல்மான் கான் தம் உறவுப்பெண் நாடியாவுக்குப் போனில் அளவை மாற்றும் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். அது வீடியோவாகி, 'கான் அகாடமி' ஆகி, 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வெளிவந்த அன்றே 'கான்மிகோ' என்ற ஏஐ ஆசிரியராகவும் ஆனது.

இந்தியாவில் கம்ப்யூட்டர் டியூஷனின் அழுத்தமான சோதனை டெல்லியில் நடந்தது. கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் 2015இல் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை நடுநிலை, உயர்நிலைப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் இரண்டு மூன்று வகுப்பு பின்தங்கியிருந்தது. ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்த, பிள்ளை நாலாம் வகுப்பில் நின்றது. மென்பொருள் பிள்ளை நின்ற இடத்துக்கே இறங்கிப் போனது. நாலரை மாதத்தில் கணக்கில் தெளிவான முன்னேற்றம். பழைய சட்டாம்பிள்ளையின் பலமும் அதுதான்: பின்னால் நிற்கிறவன் எங்கே நிற்கிறான் என்று முன்னால் போனவனுக்குத் தெரியும்.

ஆனால் ஏஐயிடம் ஒரு பழக்கம், கேட்டதைக் கொடுத்துவிடுவது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்த சோதனை 2024இல் வெளிவந்தது. சாதாரண ஜிபிடியோடு பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள் 48 விழுக்காடு மேலே போனார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தால், அது இல்லாமலே படித்தவர்களைவிட 17 விழுக்காடு கீழே. விடையை மறைத்துக் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் பக்குவப்படுத்திய ஜிபிடியில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஏஐயையும் இப்படிப் பழக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசின் பாடவீடியோ செயலிக்கு 2023இல் வைத்த பெயர் மணற்கேணி. தோண்டத் தோண்ட ஊறும் அந்த ஊற்று குறளில் வருவது. ஏஐ ஓடும் சில்லுகளின் மூலப்பொருளான சிலிக்கானும் மணலில் நிறைந்து கிடப்பதுதான். அன்று பெல் பார்த்த மணல் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒட்டன்சத்திரத்து வீட்டுக்கே வந்திருக்கிறது.

அன்று அந்த மணலில் எழுதியது பிள்ளையின் விரல். சட்டாம்பிள்ளை முறையில் அதிகம் கற்றவன் யார் என்றால், சொல்லிக்கொடுத்தவன்தான். அதனால் அந்த மகளுக்கு ஒரு யோசனை. கணக்கு பிடிபட்டதும் போனை அப்பாவிடம் கொடுத்துவிடாதே. "நீ பத்தாம் வகுப்பு மாணவன், நான் சொல்லித் தருகிறேன், தப்பிருந்தால் மடக்கு" என்று அதனிடம் சொல். 116 என்று எழுதும் பிள்ளையாக அதை நடிக்கவை. மிச்சம் 80 எங்கே என்று நீ கேள். அண்ணாவி இருந்திருந்தால், உன்னைக் கூப்பிட்டுச் சின்ன வகுப்புக்குச் சட்டாம்பிள்ளையாக உட்கார வைத்திருப்பார்.