ஒல்லாந்தர் அலுமாரி என்கிறோம், செய்த கை யாருடையது?



நம்முடைய வீடுகளில் முன் ஹோலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சோகேஸ்தான். பீங்கான் கோப்பைகள், உம்ராவுக்குப் போனவர்கள் கொண்டு வந்த சாமான்கள், பிள்ளைகள் பாடசாலையில் எடுத்த கப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். இன்று அது பெரும்பாலும் சிப்போர்ட்டில் செய்தது. ஒரு மழைக்காலம் ஈரம் பட்டால் ஊதிவிடும்.

இந்தச் சோகேஸுக்கு ஒரு மூத்தவாப்பா இருக்கிறார். கடைந்த கால்கள் உள்ள ஒரு தாங்கியின் மேல் ஏற்றி வைத்த, கருங்காலியிலோ முதிரையிலோ செய்த அலுமாரி. அதைப் பார்த்தவுடன் "ஒல்லாந்தர் சாமான்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது எந்த அளவுக்கு ஒல்லாந்தருடையது?

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். 16 ஆம், 17 ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் ஆசியாவிலிருந்து சிறிய பெட்டி அலுமாரிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். ஜப்பானில் அரக்கு பூசியவையும், குஜராத்தில் தந்தம் பதித்தவையும் அவற்றில் இருந்தன. அங்கே பணக்காரர்கள் அவற்றை உயரத்தில் வைத்துக் காட்டுவதற்காகத் தாங்கி செய்து அதன்மேல் ஏற்றினார்கள். பிறகு அலுமாரியையும் தாங்கியையும் ஒரே சோடியாகச் செய்யத் தொடங்கினார்கள். ஆகவே அந்த வடிவத்திலேயே பாதி ஆசியாவுடையது.

அடுத்தது மரம். ஐரோப்பாவில் கருங்காலி கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அதனால் மெல்லிய தகடாக அறுத்து, மலிவான மரத்தின் மேல் ஒட்டினார்கள். பிரெஞ்சு மொழியில் உயர்தரத் தளபாடம் செய்பவருக்கு வழங்கும் 'எபெனிஸ்ட்' என்ற பெயரே கருங்காலியின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் இலங்கையில் கருங்காலியும் முதிரையும் உலர் வலயக் காடுகளில் வளர்ந்தன. தெற்கின் ஈரக் காடுகளில் சிங்களத்தில் கலுமெதிரிய எனப்படும் மரம் இருந்தது. மண்ணிறத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும் அழகிய மரம். இந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது.

இங்கே ஒட்டுவேலை சரிப்படாது என்பது நம் தச்சருக்குத் தெரியும். காற்றில் ஈரம் கூடினால் அந்தக் காலத்துப் பசை விட்டுவிடும். அதனால் முழுப் பலகையிலேயே செய்தார்கள். முழுப் பலகைக்கும் ஒரு குணம் உண்டு. மழைக்காலத்தில் அகலவாட்டில் விரியும், வெயிலில் சுருங்கும். ஆகவே கதவின் நடுப்பலகையை நான்கு பக்கச் சட்டத்தில் ஆணி அடித்து இறுக்குவதில்லை. சட்டத்தின் உள்விளிம்பில் பள்ளம் வெட்டி, அதற்குள் பலகையைப் பசையில்லாமல் நிற்கவிடுவார்கள். பலகை அசைய இடம் இருப்பதால் வெடிக்காது. அந்தக் கால்களுக்கும் வேலை இருந்தது. தரை ஈரம் பெட்டியில் ஏறாது, கீழே காற்று ஓடும், கறையான் ஏறினால் கண்ணில் படும்.

செய்தவர்கள் யார்? ஒல்லாந்தக் கொம்பனி 1640 இல் காலியையும், 1656 இல் கொழும்பையும், 1658 இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. 1796 இல் ஆங்கிலேயரிடம் எல்லாம் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் கொம்பனி தன் பட்டறைகளில் ஐரோப்பியத் தச்சர்களோடு சிங்கள, தமிழ்க் கைவினைஞர்களையும் அடிமைகளையும் வேலை வாங்கியது. கொழும்பின் கொம்பனித்தெரு இன்றும் அந்தக் கொம்பனியின் பெயரைத்தான் சுமக்கிறது. அதன் பழைய ஆங்கிலப் பெயர் 'அடிமைத் தீவு' என்று பொருள்பட்டது. நம் முன்னோரான சோனகரிடமும் 'ஊழியம்' என்ற பெயரில் கொம்பனி கட்டாய வேலை வாங்கியது.

நம் வாயில் வரும் சொற்களும் இதற்குச் சாட்சி. அலுமாரி, மேசை, கதிரை, சாவி எல்லாம் போர்த்துக்கேயம். லாச்சி ஒல்லாந்தம். பெயர்களைக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். அலுமாரியைச் செய்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. கொழும்பு புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் 1982 இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், "எந்தக் காலம்?" என்ற கேள்வியோடு "எந்தக் கை?" என்றும் கேட்கப் பழக்குவோம்.

ஆங்கிலேயர் காலத்தில் கதை தொடர்ந்தது. காலித் துறைமுகத்தில் நீராவிக் கப்பல்கள் தரித்த நாட்களில், கருங்காலிப் பெட்டிகளையும் முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டிகளையும் பயணிகளிடம் விற்றவர்களில் நம் காலிச் சோனக வியாபாரிகளும் இருந்தார்கள். மொரட்டுவையின் தச்சு வேலை இன்று வரை நாடு முழுக்கப் பேர் பெற்றது. ஆனால் மரம் தாங்கவில்லை. எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட தன் நூலிலேயே கலுமெதிரிய அருகிவிட்டதை எழுதினார். ஒரு மரம் முதிரத் தலைமுறைகள் வேண்டும், வெட்ட ஒரு நாள் போதும்.

இதை இப்போது ஏன் எழுதுகிறோம்? வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் வெளியே போவது பழைய அலுமாரிதான். பழைய சாமான் வாங்குபவர் வாசலில் நின்று ஒரு விலை சொல்வார். இடம் அடைக்கிறதே என்று நாமும் கொடுத்துவிடுகிறோம். கொடுக்க முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

லாச்சியை முழுதாக வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். அவை ஒரே அளவில் இல்லாமல் சற்று முன்பின்னாக இருந்தால், அது கையால் வெட்டிய வேலை. பின்பலகையில் வாள் தடம் நேர்கோடுகளாக இருந்தால் கைவாளால் அறுத்ததாக இருக்கலாம், வளைகோடுகளாக இருந்தால் வட்ட வாள் இயந்திரத்தில் அறுத்தது. அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சீவுளி போன மெல்லிய அலைகள் விரலுக்குத் தெரியும். புதிதாகப் பாலிஷ் அடிக்க அவசரப்பட வேண்டாம். மேற்பரப்பை உரசி எடுத்தால் இந்த அடையாளங்களும் சேர்ந்து போய்விடும்.

பண்பாட்டுச் சொத்துகள் பற்றிய 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம், இப்படியான பழம்பொருட்களை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டு போவதைத் தடுக்கிறது. ஆனால் நம் வாசலைத் தாண்டிப் போவதை எந்தச் சட்டமும் தடுக்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

விற்றே ஆக வேண்டிய நிலை என்றால் அதில் குற்றம் எதுவும் இல்லை. அதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். வீட்டில் இருக்கும் மூத்தம்மாவிடம் கேளுங்கள். யார் செய்தது, எந்த ஓடாவி, மரம் எங்கிருந்து வந்தது, யாருடைய கல்யாணத்துக்கு வந்தது? கேட்டதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். முந்நூறு வருடத்துக்கு முந்திய தச்சனின் பெயரை நம்மால் மீட்க முடியாது. நம் ஊரில் ஐம்பது வருடத்துக்கு முன் சீவுளி பிடித்தவரின் பெயரை இன்னும் காப்பாற்றலாம். அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், செய்தவரின் பெயரைக் கீழே எழுதுங்கள். பெயர்களை ஊர் வாரியாகச் சேர்த்து, இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்துக்குக் கொண்டு போவோம்.