பினாங்குச் சட்டமன்றத் தேர்தலில் வீடு வீடாக வாக்குச் சேகரிப்பு

மலேசியாவின் பினாங்கு மாநிலச் சட்டமன்றத்தில் 40 இடங்கள் உள்ளன. அந்த இடங்களுக்குப் போட்டியிடும் வேட்பாளரும் அவருடைய தொண்டர்களும் வாக்காளர் பட்டியலோடு வீட்டு வாசல்வரை போய் ஆதரவு கேட்கும் வழக்கத்தை மலாயில் ‘ரூமா கெ ரூமா’, அதாவது வீட்டுக்கு வீடு, என்பார்கள். மேடைப் பேச்சுக் கூட்டத்துக்குப் பெயர் செராமா. செராமாவில் தலைவர் பேசுவார், மக்கள் கேட்பார்கள். வாசலில் வீட்டுக்காரர் பேசுவார், வேட்பாளர் நின்று கேட்டாக வேண்டும். பினாங்கு அரசியலில் செராமாதான் புகழ்பெற்றது. படங்களும் செய்திகளும் அதற்கே கிடைக்கின்றன. ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதியைத் தெரிந்துகொள்வது வாசலில்தான்.

இந்த வழக்கம் இங்கே நிலைத்ததற்கு முதல் காரணம் தொகுதியின் அளவு. 40 தொகுதிகளில் 21 பெருநிலத்தில் செபராங் பிறையில் இருக்கின்றன, 19 தீவில். 2023 தேர்தலில் மாநிலம் முழுவதும் 12 லட்சத்துக்கும் சற்று அதிகமான வாக்காளர்கள் இருந்தனர். சராசரியாகத் தொகுதிக்கு 30,000 பேர். தமிழ்நாட்டில் 2021 தேர்தலில் 234 தொகுதிகளுக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அங்கே வேட்பாளர் திறந்த வேனில் கைகூப்பியபடி தெருவைக் கடந்து போவதற்கும், இங்கே ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்குவதற்கும் இந்தக் கணக்கே அடிப்படை.

அப்படியும் நாள் போதாது. வேட்புமனுத் தாக்கலுக்கும் வாக்களிப்புக்கும் இடைப்பட்டதே சட்டப்படி பிரசாரக் காலம். 2004இல் அது 8 நாள், 2018இல் 11 நாள், 2023இல் ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 12 வரை 14 நாள். ஒரு வீட்டில் மூன்று வாக்காளர்கள் என்று வைத்தால் தொகுதிக்கு 10,000 வாசல்கள். ஒரு வாசலுக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று நடந்தாலும் வேட்பாளர் 14 நாளில் பார்ப்பது 840 வீடுதான். மீதி வாசல்களை எட்ட அவரைப் போல இன்னும் பதினொரு பேர் நடக்க வேண்டும். ஆகவே உண்மையான நடை மனுத்தாக்கலுக்கு வெகு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. தொகுதிச் சேவை மையத்தில் உட்கார்ந்து உதவிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், இழவு வீட்டுக்குப் போய் நிற்பதும், கோவில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் அனுப்புவதும் அந்த நடையைச் சேர்ந்தவையே. பதினான்கு நாளில் மட்டும் வாசலுக்கு வருபவரை மக்கள் முகம் பார்த்தே கண்டுகொள்கிறார்கள்.

வாசலில் என்ன பேசப்படுகிறது? சட்டமன்றம் சட்டம் இயற்றும் இடம். ஆனால் வாசலில் சட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அடைத்துக்கொண்ட சாக்கடை, எரியாத தெருவிளக்கு, நின்றுபோன லிஃப்ட், குப்பை, வண்டி நிறுத்த இடமின்மை இவைதான் பேச்சு. இதற்கு ஒரு வரலாறு உண்டு. மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் நடந்த இடம் ஜார்ஜ்டவுன். 1951 டிசம்பரில் ஒன்பது இடங்களுக்கு நடந்த அத்தேர்தலில் டாக்டர் லிம் சோங் இயூவின் ராடிக்கல் கட்சி ஆறு இடங்களைப் பிடித்தது. 1957இல் நகரம் மாநகர் ஆன பிறகு தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன் மேயரானார். ஆசிரியராக இருந்த தமிழர் அவர். இன்றும் அவர் பெயரில் நகரில் ஒரு சாலை இருக்கிறது. 1965இல் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை அறவே நீக்கியது. பினாங்கு அரசு 2012இல் சட்டம் இயற்றி மீட்டுக்கொள்ளப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது.

இன்று மாநகர் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். அவர்கள் யாரிடமும் வாக்குக் கேட்டு வர வேண்டியதில்லை. சாக்கடைக்குப் பொறுப்பானவரை வாக்கால் தொட முடியாத குடிமகன், வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாக்கடையைக் காட்டுகிறான். இதை அறியாத புது வேட்பாளர்கள் ‘அது மாநகர் மன்றத்தின் வேலை’ என்று விளக்கம் சொல்வதுண்டு. சரியான விளக்கம்தான். ஆனால் அந்த வீட்டில் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எதிர்க்கட்சிகளுக்கு வாசல் இன்னொரு வகையிலும் தேவையாக இருந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் அரசின் கையில் இருந்தன. நாளேடுகள் 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் உரிமக் கட்டுப்பாட்டில். சொல்ல வேண்டியதை நேரில் போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. பினாங்கில் ஆட்சி மாற்றம் அரிதாகவே நடந்திருக்கிறது. 1969இல் கெராக்கான் கட்சி வென்றது. அக்கட்சியின் லிம் சோங் இயூ 21 ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தார். 1990இல் பாடாங் கோத்தா தொகுதியில் அவரை ஜனநாயக செயல் கட்சியின் லிம் கிட் சியாங் தோற்கடித்தார். ஆனாலும் ஆட்சி கெராக்கான் இடம்பெற்ற தேசிய முன்னணியிடமே இருந்தது. 2004இல் ஜனநாயக செயல் கட்சிக்கு 40இல் ஒரே ஓர் இடம். நான்கே ஆண்டில், 2008 மார்ச் 8 அன்று, அது 19 இடங்களை வென்றது. தோழமைக் கட்சிகளான கெஅடிலான் 9, பாஸ் 1 என்று சேர்ந்து 29 இடங்களோடு ஆட்சி கைமாறியது. கெராக்கானுக்கு ஓர் இடமும் இல்லை. ஹான் சியாங் பள்ளித் திடலில் கூடிய பெருங்கூட்டத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழர் வீடுகளில் அதற்கு முன்பே பேச்சு மாறியிருந்தது. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் பேரணி நடந்த பிறகு ‘மக்கள் சக்தி’ என்ற இரண்டு சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அந்த முறை வேட்பாளர்கள் கேட்டைத் தட்டுமுன்பே கதவு திறந்தது. பிறையில் வென்ற பேராசிரியர் பி. ராமசாமி, நாட்டிலேயே துணை முதலமைச்சரான முதல் இந்தியர் ஆனார்.

வேலை நடக்கும் முறை இது. தொகுதி, வாக்களிப்பு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கும். பட்டியலில் பெயர், பிறந்த ஆண்டு, வீட்டு எண், வட்டாரம் எல்லாம் வரும். அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் குறி போடுவதற்கு மலாய்க் கட்சி வட்டாரங்களில் ‘சுலாஆன்’ என்று பெயர். நம் ஆள் என்றால் வெள்ளை, எதிரணி என்றால் கறுப்பு, தெரியவில்லை என்றால் சாம்பல். சாம்பல் நிறத்தாரை ‘ஆத்தாஸ் பாகார்’, வேலிமேல் இருப்பவர் என்பார்கள். அம்னோவின் மகளிர் பிரிவு இந்த வேலைக்குப் பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்றது. வீட்டு அடுக்களைவரை போய்ப் பேசக்கூடிய பெண்கள் இருக்கும் கட்சிக்கு வேறு எந்தக் கருத்துக்கணிப்பும் தேவைப்படாது.

ஜார்ஜ்டவுனைச் சுற்றி மக்கள்தொகையின் பெரும்பகுதி அடுக்குமாடிகளில் வாழ்கிறது. 1960களின் இறுதியில் எழுந்த ரைஃபிள் ரேஞ்ச் குடியிருப்பில் மட்டும் ஒன்பது கட்டடங்களில் ஏறத்தாழ 3,700 வீடுகள். லிஃப்டில் உச்சிக்குப் போய், படிக்கட்டு வழியே மாடி மாடியாக இறங்கி வருவதே பழகியவர்கள் செய்வது. கதவைத் தட்டுமுன் கதவைப் படிக்க வேண்டும். மாவிலைத் தோரணமும் சாம்பிராணி மணமும் இருந்தால் ‘வணக்கம்மா’. வாசலில் சிவப்புப் பூஜைமாடம் இருந்தால் சீன மொழியான ஹொக்கியன். நிலைக்கு மேல் அரபு வாசகம் தொங்கினால் சலாம். மாலை ஏழரையை ஒட்டி மக்ரிப் தொழுகை நேரம். அப்போது மலாய் வீடுகளில் மணி அடிக்கக் கூடாது. பினாங்கில் பிறந்த தமிழ் வேட்பாளர்கள் ஹொக்கியன் பேசுவது அதிசயமில்லை. நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை; தமிழர் கணிசமாக வாழும் பிறை, பாகான் டாலாம் தொகுதிகளிலும் சீன, மலாய் வீடுகளின் ஆதரவில்லாமல் யாரும் வென்றதில்லை.

இரும்புக் கேட்டு பூட்டியபடியே இருக்கும். உள்ளே தொடர் ஓடும் சத்தம். கேட்டுக்கு அந்தப் பக்கம் நைட்டியோடு ஓர் அம்மா, இந்தப் பக்கம் செருப்பு அடுக்குக்கு இடையில் காலை ஊன்றி நிற்கும் தொண்டர்.

“அம்மா, எப்படி இருக்கீங்க? லிஃப்ட் சரியா ஓடுதாம்மா?”

“எங்க தம்பி ஓடுது! போன தடவை வந்தவங்களும் இப்படித்தான் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க.”

இப்படிப்பட்ட பதிலுக்குப் பிறகு தொண்டர் என்ன செய்கிறார் என்பதில் அந்த வீட்டின் மூன்று வாக்கும் இருக்கிறது. மாடி எண்ணையும் லிஃப்ட் எண்ணையும் எழுதிக்கொண்டு, மறுநாள் சேவை மையத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் போதும். லிஃப்ட் உடனே ஓடவில்லை என்றாலும் அந்த அம்மா அதைப் பக்கத்து வீட்டில் சொல்வார்.

பழைய நகர்ப் பகுதியின் கதை வேறு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும் பல தலைமுறைக் குடும்பங்கள் கடைவீடுகளைக் காலிசெய்தன. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகராக அறிவித்தபின் அந்த வீடுகளில் பலவும் தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் ஆயின. லெபோ பாசாரில், லிட்டில் இந்தியாவின் நடுவில், ஐந்தடி நடைபாதையில் கைகுலுக்கிக்கொண்டே போனால் நல்ல படம் கிடைக்கும். வாக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம். கடையில் நிற்பவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவராக இருப்பார், அல்லது அவர் வாக்கு பெருநிலத்தில் பட்டர்வொர்த்தில் இருக்கும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோவிலில் கூடும் கூட்டமும் அப்படியே. முகம் தெரிய உதவும், வாக்குக்கு முகவரி வேண்டும்.

2019இல் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15 முதல் அதுவும் தானியங்கிப் பதிவும் நடைமுறைக்கு வந்தன. அடையாள அட்டையில் உள்ள முகவரியே வாக்காளரின் தொகுதி. பட்டியலில் ஐந்து பெயர் இருக்கும் வீட்டில் கதவைத் திறப்பது ஒரே ஒரு தாய். மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில். இப்போது தொண்டர் கேட்கும் முக்கியக் கேள்வி ‘யாருக்குப் போடுவீங்க’ என்பதல்ல. ‘பிள்ளைங்க எப்பம்மா வராங்க?’ என்பதுதான். 2018இல் வாக்களிப்பு புதன்கிழமை வைக்கப்பட்டும் ஊர் திரும்பி வாக்களிக்க நாடெங்கும் பெருங்கூட்டம் கிளம்பியது. அந்தத் தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி பினாங்கில் 37 இடங்களைப் பெற்றது.

சட்டம் சில எல்லைகளை வகுத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி சட்டமன்ற வேட்பாளர் செலவிடக்கூடியது ஒரு லட்சம் ரிங்கிட். வாக்குக்காக விருந்து வைப்பதும், பணம் பொருள் கொடுப்பதும், மிரட்டுவதும் குற்றம். வைப்புத்தொகை 5,000 ரிங்கிட். எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாவிட்டால் அது போய்விடும். வாக்களிப்புக்கு முந்தைய நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. இந்தியாவில் 48 மணி நேரத்துக்கு முன்பே கூட்டமும் ஒலிபெருக்கியும் நின்றுவிடும், வீடு வீடாகப் போவதற்கு மட்டும் தடையில்லை. அதனால் அங்கே கடைசி இரண்டு நாள்தான் வாசலுக்குரிய காலம்.

இந்த நடை பலன் தருகிறதா? 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். நேரில் போய்க் கேட்ட வீடுகளில் வாக்களிப்போர் எண்ணிக்கை கூடியது. தொலைபேசியில் அழைத்தவர்களிடம் மாற்றம் தென்படவில்லை. ஆனால் மனத்தை மாற்றுவது வேறு. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 49 களச் சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, பொதுத்தேர்தல் நேரத்தில் இத்தகைய தொடர்பு யாருக்கு வாக்களிப்பது என்ற முடிவைச் சராசரியாக மாற்றுவதே இல்லை என்றது. இது அமெரிக்கக் கணக்கு. கட்சிப் பற்று அங்கே இறுகியது. ஆனாலும் பினாங்கில் பழகிய கிளைப் பொறுப்பாளர்கள் செய்வதும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. கறுப்புக் குறி வீட்டில் வாதாடி நேரத்தைப் போக்காமல், வெள்ளைக் குறி வீட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்துசேர்வதைத்தான் அவர்கள் உறுதிசெய்துகொள்கிறார்கள்.

வாசலில் சொன்ன சொல் திரும்பி வரும். குளுகோரில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் குடியிருப்பான கம்போங் புவா பாலா அதற்குச் சான்று. அந்த நிலத்தைக் கைமாற்றும் முடிவு முந்தைய ஆட்சியில் எடுக்கப்பட்டிருந்தது. 2008 தேர்தலின்போது தங்களுக்கு உறுதி தரப்பட்டது என்று குடியிருப்பாளர்கள் வாதிட்டனர். 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று வீடுகள் தர முன்வந்தார்கள். ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அதன்பின் எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. இன்றும் பினாங்குத் தமிழர் வீட்டில் வாக்குறுதி என்று பேச்சு எடுத்தால் அந்தக் கம்பத்தின் பெயர் வருகிறது.

வாக்களிப்பு மாலை ஆறு மணிக்கு முடியும். வாக்களிப்பு மையத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பல ‘சாலுரான்’, அதாவது வரிசைகள். வயதுப்படி பிரித்திருப்பதால் முதல் வரிசையில் முதியவர்கள், கடைசியில் இளையவர்கள். ஒவ்வொரு வரிசையிலும் அங்கேயே எண்ணி, 14ஆம் எண் படிவத்தில் முடிவை எழுதி, கட்சி முகவர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் படிவத்தின் படம் கைப்பேசி வழியே கட்சியின் செயலறைக்கு வந்துசேரும்போது, தொண்டர்கள் தங்கள் பட்டியலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்கிறார்கள். எந்த மூத்தோர் வரிசையில் வெள்ளைக் குறி பொய்த்தது, எந்த இளையோர் வரிசையில் பிள்ளைகள் ஊர் திரும்பவில்லை என்று பேனாவால் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் நன்றி சொல்லப் புறப்படும் வண்டியில் அந்தத் தாள்களும் போகும்.