பார்வை எட்டும் தூரம்

கார்த்திகைத் திருநாளன்று திருவண்ணாமலை உச்சியில் தீபம் சுடர்வதைக் கண்ணால் கண்ட பின்னரே தத்தம் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவது என்னும் வழக்கம் சுற்றுவட்டாரத்து ஊர்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது; கம்பியின்றி ஓரிடத்துச் சமாசாரம் மற்றோரிடத்துக்குச் சேர வேண்டுமாயின் ஒன்றை மற்றொன்று தடையின்றிப் பார்த்திருக்க வேண்டும் என்னும் முதல் விதி அவ்வழக்கத்திலேயே அடங்கியிருக்கிறது.

கம்பியில்லாச் செய்திக்குப் பிற்காலத்தில் பயன்பட்ட ஓர் ஊர் எங்கள் வந்தவாசியின் சரித்திரத்திலும் வருகிறது. வந்தவாசியைச் சரித்திரம் அறிந்தது 1760 ஜனவரி 22ஆம் நாள் நடந்த யுத்தத்தால். அதில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் சேனை புதுச்சேரியை நோக்கிப் பின்வாங்க, அவ்வாண்டு ஜூலையில் புதுச்சேரியின் வாயிற்காவல் போன்ற வில்லியனூர்க் கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே வில்லியனூரை நடுநிலையமாகக் கொண்டு, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998இல் சுற்றுக் கிராமங்களின் கணினிகளை வானொலி அலைகளால் இணைக்கத் தொடங்கினர். அக்கிராமங்களுள் எம்பலத்தில் கணினி நிலையத்துக்கு இடம் தந்தது கோயில். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கோ, கடலலையின் உயரம் பற்றி அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட முன்னறிவிப்பு அங்கே ஒலிபெருக்கியில் படிக்கப்பட்டது. பீரங்கி கொண்டு வராத கடற்படைச் செய்தி அக்கடற்கரைக்கு வந்ததை லாலி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

ஹவாய்த் தீவுகளின் கணினிகளை நார்மன் ஆப்ராம்சன் 1971இலேயே வானொலி அலைகளால் இணைத்துவிட்டார். நம் தேசத்தில் சாமானியர் இதைக் கையாளத் தடையாயிருந்தது அநுமதிச் சீட்டு. கடைவீதியின் இருபுறமும் உள்ள கடையையும் கிடங்கையும் இணைக்க நினைப்பவர், கம்பி இழுப்பதென்றால் சாலையைத் தோண்ட வேண்டும், கம்பியின்றி என்றாலோ உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்றிருந்த நிலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களிலும் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என 2005 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்ததும் மாறிற்று.

அதன்பின் மாடிக்கு மாடி தட்டு வடிவிலும் பெட்டி வடிவிலும் வானலைச் சாதனங்கள் எதிரெதிரே நின்றன. ஆயினும், கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதே இத்தொழிலின் சூட்சுமம். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் அவ்வலை செல்லும் பாதை நூல்போல் இராது. நடுவழியில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஆரத்துக்கு அது விரிகிறது, அவ்விரிவிலும் பெரும்பகுதி வெறும் ஆகாசமாக இருந்தாக வேண்டும். ஈரமான இலை அலையை விழுங்கும். ஆகையால் கோடையில் பொருத்திய இணைப்பு, ஐப்பசி மழையில் புளியமரம் நனைந்ததும் தள்ளாடும்.

தூரம் மிகுந்தால் வேறொரு சங்கடம். சாதாரணச் சாதனம் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற மறுமொழிக்குக் கணநேரமே காத்திருக்கும். அது தாமதித்தால், போய்ச் சேர்ந்ததையே மீண்டும் அனுப்பும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இருமுனைகளும் முறைவைத்துப் பேசவும், மறுமொழிகளைத் தொகுத்துச் சொல்லவும் சாதனங்களுக்குக் கற்பித்து, அம்முறையைத் தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் அதன் கிராமப்புறப் பார்வை மையங்களுக்கும் இடையே அமைத்தனர். 2007இல் அதன் விவரத்தையும் வெளியிட்டனர். கிராமத்து மையத்தில் அமர்ந்த நோயாளி தம் கண்ணைக் காட்ட, தேனியில் இருந்த மருத்துவர் திரையில் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.