நேர் விகிதத்தில் இருப்பது எந்த நேர்?

வரைபடத் தாளில் நேர்கோடு விழுவதால்தான் அதற்கு ‘நேர் விகிதம்’ என்று பெயராம். பள்ளிக் கணக்கில் உலவும் இந்த விளக்கம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கும் தப்பு, தமிழும் தப்பு.

சென்னையில் 2013இல் அறிவித்த ஆட்டோக் கட்டணத்தைப் பார்க்கலாம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்த 1.8க்குப் பிறகு வரைந்தால் அப்பழுக்கில்லாத நேர்கோடு. அதைப் பின்னோக்கி நீட்டினால் ஆதிப்புள்ளிக்குப் போகாமல் 3 ரூபாய் 40 காசில் ஒய் அச்சை வெட்டும். 3.6 கிலோமீட்டருக்கு 50 ரூபாய் ஆவதில்லை, 46.60தான். தூரம் இரட்டித்தும் கட்டணம் இரட்டிக்கவில்லை. கோடு நேர், விகிதம் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக் கணக்கு வேறு மாதிரி. ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. விளக்கு இரண்டானால் ஆடு 192. ஆடே இல்லையென்றால் நெய்யும் இல்லை. இந்தக் கோடு ஆதிப்புள்ளியிலிருந்தே கிளம்பும். ராசராசன் காலத்து அதிகாரிக்கு இதை அறியக் கட்டம் போட்ட தாள் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. கோட்டையும் சமன்பாட்டையும் இணைத்த பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தின் நூல் வந்தது 1637இல். விகிதக் கணக்கான திரைராசிகத்தை ஆரியபட்டர் சொன்னதோ 499இல். அதுவே தமிழில் முத்தொகை வினா; புதுச்சேரியின் பிரெஞ்சு வகுப்புகளில் ‘ரெக்ல் த த்ருவா’, அதாவது மூன்றன் விதி.

‘விகிதம்’ வகுத்தலிலிருந்து வந்தது என்போருக்கு ஒரு வரி போதும்: அது ‘விஹித’, விதிக்கப்பட்டது என்னும் வடசொல்.

வழக்கு ‘நேர்’ பற்றியது. குறள் 821 கூடாநட்பைச் சொல்லும்போது ‘நேரா’ என்கிறது. உள்ளத்தால் ஒன்றாத என்று பொருள். ‘நேரார்’ என்றால் பகைவர். ஆக, நேர்தல் என்பது ஒன்றுபடுதல், உடன்படுதல். ஒன்று ஏற மற்றதும் அதே மடங்கில் உடன் ஏறுவது நேர் விகிதம். ஒன்று ஏற மற்றது அதே மடங்கில் இறங்கினால் எதிர் விகிதம். ஏழாம் வகுப்புப் பாடத்தில் இரண்டும் சோடியாக நிற்பது இதனால்தான்.

இன்னொரு சான்று கடல் கடந்து கிடைக்கிறது. இக்கரையில், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நேர் மாறல்’ என்றால் இரண்டும் சேர்ந்து ஏறுவது. அக்கரையில், இலங்கைப் பாடநூல்களில் ‘நேர்மாறு விகிதசமன்’ என்றால் ஒன்று ஏற மற்றது இறங்குவது. ஒலியில் ஓர் இம்மி வித்தியாசம், பொருளில் தலைகீழ்! அந்த நேர்மாறை வரைந்தால் வருவது அதிபரவளையம், வளைந்த கோடு. நேர் என்பது நேர்கோடானால் அந்தப் பெயர் எப்படி நிற்கும்? ‘உடன்பாட்டுக்கு மாறானது’ என்று பிரித்தால் சிக்கலே இல்லை. இக்கரையிலும் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் ‘நேர்மாறு அணி’ இருக்கிறதே.

நேர் விகிதம் ஐரோப்பியச் சொல்லின் மொழிபெயர்ப்புத்தானே என்று கேட்கலாம். இருக்கட்டும். மொழிபெயர்த்தவர் காதில் ஒலித்தது 821இன் நேராகத்தான் இருக்கும், அளவுகோலின் நேர் அன்று. இதற்குச் சான்றாகக் கையில் ஏடு ஏதுமில்லை. இது என் ஊகம்தான்.